ஹெச்.எம். ஆக என்ன படிக்க வேண்டும்?



ஜூன் பிறந்ததும் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறோம். என்னென்ன விசாரிக்கிறோம்? ஃபீஸ் எவ்வளவு, வேன் நம் தெரு வரைக்கும் வருமா, பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் சென்டம். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ‘இங்கே ஹெச்.எம். யார், எப்படிப்பட்டவர்?’ என்று எத்தனை பேர் கேட்கிறோம்? கேட்பவர்களும் ‘ஸ்ட்ரிக்ட்டா?’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சேர்த்துவிட்ட பிறகு நமக்கு வரும் நிம்மதியும் தலைவலியும் பெரும்பாலும் அந்த ஒருவர் கையில்தான் இருக்கிறது. கணக்கு டீச்சர் நீண்ட லீவில் போய்விட்டால் அந்த வகுப்பை யார் பார்ப்பது? ஏழாம் வகுப்புப் பையன் நாலு நாளாக வரவில்லையென்றால் வீட்டுக்கு போன் வருமா? பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? டி.சி. வாங்கப் போகும் அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவளை நாளைக்கு வா, நாளன்றைக்கு வா என்று அலைய விடுவார்களா? இதையெல்லாம் முடிவு செய்கிறவர் எந்தத் தகுதியின் பேரில் அந்த நாற்காலியில் உட்காருகிறார் என்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமை இருக்கிறது அல்லவா?

நம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் அதற்கான வழி ரொம்ப நேரானது. பட்டதாரி ஆசிரியராகப் பல வருஷம் பாடம் நடத்த வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் துறைத் தேர்வுகளை எழுதித் தேற வேண்டும். சீனியாரிட்டிப்படி தயாராகும் பேனலில் பெயர் வர வேண்டும். கவுன்சலிங்கில் ஊரைத் தேர்ந்தெடுத்தால் உயர்நிலைப் பள்ளிக்கு ஹெச்.எம். ஆகிவிடலாம். மேல்நிலைப் பள்ளி என்றால், முதுகலை ஆசிரியர்களும் ஏற்கெனவே உயர்நிலைப் பள்ளியில் ஹெச்.எம்.மாக இருப்பவர்களும் அந்த இடத்துக்கு வருகிறார்கள்.

சீனியாரிட்டியை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் சிபாரிசும் பணமும் புகுந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். துறைத் தேர்வும் வேண்டியதுதான். அரசுப் பணத்தைக் கையாளப் போகிறவருக்குக் கணக்கு விதி, அலுவலக விதி தெரியாமல் முடியாது. என் குறை இதுதான்: இந்தப் படிகளில் எங்கேயும் ஒரு பள்ளியை எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை வரை பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவர் திங்கட்கிழமை இன்னொரு ஊரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்கும் பொறுப்பாளி ஆகிவிடுகிறார். பதவிக்கு வந்த பிறகு சில நாள் பயிற்சி கிடைக்கும். அதிலும் பாதி நேரம் எமிஸ் என்ற கல்வித் துறைத் தகவல் தளத்தில் எதை எப்படி ஏற்றுவது என்பதிலேயே போய்விடும்.

சின்ன ஊர்களில் நிலைமை இன்னும் கஷ்டம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. அதன் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் ஆசிரியர்களைத் தவிர தனியாக ஒரு தலைமையாசிரியர் வேண்டும். நம் கிராமத்து ஈராசிரியர் பள்ளிகளில் அந்த எண்ணிக்கைக்கு எங்கே போவது? அங்கே ஹெச்.எம். என்பவர் இரண்டு, மூன்று வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்தும் வகுப்பாசிரியரும்கூட. காலை உணவு வந்ததா, வருகைப் பதிவு ஏறியதா, வட்டாரக் கல்வி அலுவலகம் கேட்ட விவரம் போனதா? எல்லாவற்றையும் அவரே பார்க்க வேண்டும். எழுதிக் கொடுக்க ஒரு கிளார்க் கூடக் கிடையாது. இதில் ஹெச்.எம். இடமே காலியாக இருந்து, ‘இன்சார்ஜ்’ என்று ஒருவர் தள்ளிக்கொண்டு போகும் பள்ளிகளும் உண்டு.

இப்போது டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வுப் பிரச்னையும் சேர்ந்திருக்கிறது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் பதவி உயர்வு பெறவும் டெட் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கும் குறைவாக இருப்பவர்கள் டெட் இல்லாமலே வேலையில் தொடரலாம். ஆனால் பதவி உயர்வு மட்டும் கேட்கக் கூடாது. இது சரியா, தவறா என்று ஆசிரியர் வீடுகளில் காரசாரமாக விவாதம் நடக்கிறது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். டெட் சோதிப்பது பாட அறிவையும் குழந்தை உளவியலையும். அதில் தேறியவர் நல்ல ஆசிரியராக இருக்கலாம். நல்ல ஹெச்.எம். ஆவார் என்று அந்த மதிப்பெண் சொல்லுமா?

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். டெக்சாஸில் பிரின்சிபால் ஆக முதுகலைப் பட்டமும் இரண்டு வருஷ ஆசிரியர் அனுபவமும் வேண்டும். குறைந்தது 160 மணி நேரம் ஒரு பள்ளியில் நேரடிப் பயிற்சி எடுத்து, அதற்கான தேர்வுகளிலும் தேறினால்தான் சான்றிதழ். அதுவும் ஐந்து வருஷத்துக்குத்தான். புதுப்பிக்க வேண்டுமானால் 200 மணி நேரம் பயிற்சி எடுத்ததாகக் காட்ட வேண்டும். சிங்கப்பூரில் தேர்ந்தெடுத்த துணை முதல்வர்களை சில மாதம் வேறு வேலை இல்லாமல் முழுநேரமாகப் படிக்க அனுப்புகிறார்கள்.

அதற்காக நாமும் ஒரு லைசென்ஸ் கொண்டுவந்துவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகளுக்கு முதல்முறையாகத் தலைமையாசிரியர் ஆகிறவர்களுக்கு 2009-இல் ஒரு தகுதிச் சான்றிதழைக் கட்டாயமாக்கினார்கள். 2012-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்தும்விட்டார்கள். நம் ஊரில் இன்னொரு தேர்வு வந்தால் என்ன ஆகும்? மறுநாளே இன்னொரு கோச்சிங் சென்டர் முளைக்கும், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது பயிற்சி. பிரின்சிபால்களுக்கு வருஷத்துக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது தேசியக் கல்விக் கொள்கை. அந்தக் கொள்கையோடு நம் மாநிலத்துக்கு இருக்கும் வழக்கு வேறு. இந்த ஒரு யோசனையோடு யாருக்கும் சண்டை இருக்க முடியாது.

என்னைக் கேட்டால் இன்னும் எளிதாகவே செய்யலாம். பேனலில் பெயர் வந்ததும், சார்ஜ் எடுப்பதற்கு முன்னால், நன்றாக நடக்கும் ஒரு பள்ளிக்கு அவரை ஒரு மாதம் அனுப்பலாம். அங்கே ஹெச்.எம். பக்கத்திலேயே இருக்கட்டும். கோபமாக வரும் அப்பாவிடம் எப்படிப் பேசுகிறார், தாமதமாக வரும் ஆசிரியரை எப்படித் திருத்துகிறார், இடைநின்ற பிள்ளையைத் தேடி எப்படிப் போகிறார் என்று பார்க்கட்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

‘என் பிள்ளை தனியார் பள்ளி, எனக்கென்ன?’ என்று நினைக்கிறீர்களா? அங்கே பிரின்சிபாலின் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் வரிசையாக இருக்கும். ஆனால் முடிவு யாருடையது? பல பள்ளிகளில் தாளாளருடையது. ஃபீஸ் கட்டாத பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது என்று சொல்லும் தைரியம் அந்த பிரின்சிபாலுக்கு இருக்கிறதா? அட்மிஷன் போடும்போது அவரிடம் பத்து நிமிஷம் தனியாகப் பேசிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அரசுப் பள்ளிப் பெற்றோருக்கு ஒரு வசதி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். ஹெச்.எம். இடம் காலியாக இருந்தால் எப்போது நிரப்பப் போகிறார்கள் என்று கேளுங்கள். புதிதாக வந்தவர் என்றால் அவருக்கு என்ன பயிற்சி கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானமாக எழுதி மேலே அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் நல்லபடியாகப் பள்ளி நடத்தும் ஹெச்.எம். இருந்தால், அவர் அப்படி என்ன செய்கிறார் என்று எங்களுக்கும் ஒரு கடிதம் போடுங்கள். வருகிற இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்