வெற்று மண்ணை மூடாதீர்கள்

கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. ஓரமெல்லாம் காட்டுச் சூரியகாந்தி, நடுவில் புல் முளைக்காத மண் திட்டு. போன ஆகஸ்ட் கடைசியில் அந்தத் திட்டு முழுக்க எறும்புப் புற்றுபோலச் சிறு சிறு மண் குவியல்கள். குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தேன். ஒரு துளையில் தேனீயின் தலை தெரிந்தது. என் நிழல் பட்டதும் உள்ளே போய்விட்டது. பக்கத்துத் துளையில் வந்திறங்கிய இன்னொன்றின் பின்னங்கால்களில் மஞ்சள் மகரந்தம் அப்பியிருந்தது.

டையூனோமியா டிரையாங்குலிஃபெரா என்று பெயர். 1897இல் பிரெஞ்சுக்காரர் வஷால், நோமியா என்ற பேரினத்தில் வைத்து இதை விவரித்தார். பிறகுதான் டையூனோமியாவுக்கு மாறியது. உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. அவற்றை ஒரே நூலில் வகைப்படுத்திய சார்லஸ் மிச்னர் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான் பணியாற்றினார்.

இதற்கு ராணி இல்லை, பெட்டி இல்லை, சேமித்த தேனும் இல்லை. ஆயிரக்கணக்கில் அக்கம்பக்கமாக வளை தோண்டினாலும் ஒவ்வொரு தாயும் தனிக்குடித்தனம்தான். மண்ணுக்குள் அறை குடைந்து, சூரியகாந்தி மகரந்தத்தைப் பூந்தேனில் பிசைந்து உருண்டை பிடித்து, அதன்மேல் ஒரு முட்டை இட்டு அடைத்துவிடும். புழு அந்த உருண்டையைத் தின்று வளர்ந்து, பனிக்காலம் முழுக்க மண்ணுக்குள்ளேயே கிடக்கும். அடுத்த கோடை முடிவில், சூரியகாந்தி பூக்கும் சமயம் பார்த்து வெளியே வரும். வருடத்தின் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாத உயிர். அதுதான் இதற்கு ஆபத்து.

இந்த வசந்தத்தில் மனைக்காரர் அந்தத் திட்டின்மேல் அழகுக்காக மரச்சிராய் மூடாக்குப் போட்டுவிட்டார், கணுக்கால் புதையும் அளவுக்கு. அதே மாதம் ‘தேனீக்களைக் காப்போம்’ என்று தெருவில் வளர்ப்புத் தேனீப் பெட்டிக்கு நன்கொடை கேட்டு வந்தார்கள். நான் கொடுக்கவில்லை. வளர்ப்புத் தேனீ 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் இங்கே கப்பலில் கொண்டுவந்த வளர்ப்பு உயிர். குறைந்தால் காசு கொடுத்து வாங்கலாம். டையூனோமியாவை எங்கே போய் வாங்குவது? இங்கிருந்த உயர்புல் பிரெய்ரி என்ற புல்வெளியில் பெரும்பகுதியை ஏர் தின்றுவிட்டது. மிஞ்சியது நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை.

நகராட்சியிடம் நான் கேட்பது இரண்டே. பூங்காவுக்கு ஒரு திட்டாவது மூடாக்கு இல்லாமல் விடுங்கள். சாலையோரச் சூரியகாந்தியைச் செப்டம்பர் முடியும்வரை வெட்டாதீர்கள்.

ஜூலையில் மனைக்காரரிடம் அனுமதி வாங்கி, ஒரு மூலையில் மட்டும் சிராயை வாரி ஒதுக்கினேன். நேற்றுக் காலை அங்கே ஐந்து துளைகள் இருந்தன. போன வருடம் எண்ணத் தொடங்கி, முடியாமல் விட்டுவிட்டேன்.