கொலைகாரன் சாட்சிக் கூண்டில், வேன் டிரைவர் தூக்குமேடையில்

கொலைகாரன் ஒருவன் பிடிபட்டான் என்று செய்தி வந்த மறுநாள் எந்த டீக்கடையிலாவது போய் உட்கார்ந்து பாருங்கள். “விசாரணை என்ன விசாரணை! நடுத்தெருவில் நிறுத்தித் தூக்கில் போடு!” என்று சொல்லாத ஆள் இருக்க மாட்டார். மில் கேட்டிலும் அதே பேச்சுதான், களத்துமேட்டிலும் அதே பேச்சுதான். இந்தக் கோபத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஒரு பெண்ணை, ஒரு குழந்தையைக் கொன்றவன்மீது கோபம் வராதவன் மனிதனே அல்ல. ஆனால் கயிறு ஒன்று தயாரானால் அது யார் கழுத்தைத் தேடிப் போகிறது? அதைப் பற்றித்தான் லண்டன் நகரத்தில் நடந்த ஒரு விஷயத்தை நம் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

லண்டனில் நாட்டிங் ஹில் பகுதியில் ரில்லிங்டன் பிளேஸ் என்று ஒரு முட்டுச் சந்து இருந்தது. சந்தின் முடிவில் ஒரு பவுண்டரியின் சுவர். அதை ஒட்டிய கடைசி வீடு 10-ம் நம்பர். மூன்று அடுக்கு, மூன்று குடித்தனம், மூன்றுக்கும் சேர்த்துப் பின்பக்கத்தில் ஒரே ஒரு கக்கூஸ், துணி துவைக்க ஒரு சிறு கொட்டடி. குளிக்கும் அறை கிடையாது. உலகத்தையே ஆண்ட ராஜ்யத்தின் தலைநகரத்தில் தொழிலாளி குடியிருந்த லட்சணம் இது!

கீழ்த்தளத்தில் ஜான் கிறிஸ்டி என்பவன் மனைவி எத்தலுடன் 1938 முதல் குடியிருந்தான். மூக்குக் கண்ணாடி, மெதுவான பேச்சு, சுத்தமான உடுப்பு. சந்தில் உள்ளவர்களுக்கு அவன் ஒரு “பெரிய மனுஷன்”. ஆனால் ஆசாமி திருட்டுக் குற்றத்துக்காகப் பலமுறை சிறை சென்றவன். 1929-ல் ஒரு பெண்ணின் தலையில் கிரிக்கெட் மட்டையால் அடித்து ஆறு மாதம் கடுங்காவல் அனுபவித்தவன். இப்படிப்பட்டவனுக்கு 1939-ல் யுத்தம் வந்ததும் போலீஸ் இலாகா என்ன செய்தது தெரியுமா? பழைய ரிக்கார்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ரிசர்வ் போலீஸ்காரனாகச் சேர்த்து யூனிபாரம் மாட்டிவிட்டது.

அந்தப் போலீஸ் வேலையில் இருக்கும்போதே, 1943-ல், அவன் முதல் கொலையைச் செய்தான். ஆஸ்திரியாவிலிருந்து அகதியாக வந்து ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண். அடுத்த வருஷம் இன்னொரு பெண். அவள் அவனோடு ரேடியோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். “உன் சளிக்கு என்னிடம் வைத்தியம் இருக்கிறது” என்று வீட்டுக்கு அழைத்து, மருந்து ஆவி என்று சொல்லி அடுப்புக் காஸை முகரச் செய்து, மயங்கியதும் கழுத்தை நெரித்தான். இரண்டு பேரையும் வீட்டுத் தோட்டத்தில் புதைத்தான். யாரும் அவனைச் சந்தேகிக்கவில்லை. அகதிப் பெண்ணையும் ஆலைப் பெண்ணையும் யார் தேடினார்கள்?

1948-ல் அந்த வீட்டின் மேல்தளத்துக்குத் திமோதி இவான்ஸ் குடிவந்தான். வேல்ஸ் தேசத்துச் சுரங்கக் கிராமமான மெர்த்தர் வேலில் பிறந்தவன். சிறுவயதில் காலில் நோய் வந்து ஆஸ்பத்திரியிலேயே வருஷங்கள் கழிந்ததால் படிப்பு ஏறவில்லை. தன் பெயரைக் கஷ்டப்பட்டு எழுதுவான், அவ்வளவுதான். லண்டனில் வேன் ஓட்டினான். மனைவி பெரில், ஜெரால்டின் என்று ஒரு கைக்குழந்தை. அவனை உத்தமன் என்று சொல்லமாட்டேன். குடிப்பான், வாய்க்கு வந்த பொய்யை அளப்பான், கடன் தவணைக்காக மனைவியோடு சண்டை போடுவான். நம் லைன் வீடுகளில் இப்படி ஆட்கள் இல்லையா?

1949-ல் பெரில் மறுபடி கர்ப்பமானாள். இருக்கிற வருமானத்தில் இன்னொரு குழந்தையா என்று பயந்தாள். கருக்கலைப்பு அப்போது அந்த நாட்டில் குற்றம். பணமுள்ள வீட்டுப் பெண்ணுக்கு ரகசியமாகவாவது ஒரு டாக்டர் கிடைப்பார். பெரிலுக்குக் கிடைத்தது கீழ்த்தளத்துக் கிறிஸ்டி. “எனக்கு வைத்தியம் தெரியும், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றான். நவம்பர் 8-ந் தேதி இவான்ஸ் வேலையிலிருந்து திரும்பியபோது மனைவி பிணமாகக் கிடந்தாள். வைத்தியத்தில் இறந்துவிட்டாள், வெளியே சொன்னால் உனக்கும் ஆபத்து, பிணத்தை நான் சாக்கடையில் போட்டுவிடுகிறேன், குழந்தையை வளர்க்க ஒரு தம்பதியிடம் ஒப்படைக்கிறேன், நீ ஊருக்குப் போ என்று கிறிஸ்டி சொன்னதாக இவான்ஸ் பின்னால் சொன்னான். படித்தவர், போலீஸில் இருந்தவர் சொல்கிறார், படிக்காதவன் நம்பினான், ஊருக்குப் போனான்.

மனது கேட்கவில்லை. நவம்பர் 30-ந் தேதி அவனே மெர்த்தர் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போனான். முதலில் கிறிஸ்டியைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று ஒரு கதை சொன்னான்: மனைவி ஏதோ மருந்து குடித்து இறந்தாள், நானே சாக்கடையில் போட்டேன் என்று. லண்டன் போலீஸார் போய்ச் சாக்கடை மூடியைத் தூக்கப் பார்த்தால் அதற்கே மூன்று ஆள் வேண்டியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பிறகுதான் கிறிஸ்டியின் பெயரைச் சொன்னான். டிசம்பர் 2-ந் தேதி கொட்டடியில் பெரிலின் உடலும், பக்கத்தில் குழந்தையின் உடலும் கிடைத்தன. இரண்டும் கழுத்து நெரிக்கப்பட்டவை.

அதே நாள்களில் போலீஸார் தோட்டத்தையும் பார்த்தார்கள். வேலிக்கு முட்டுக் கொடுத்து ஒரு எலும்பு நின்றது. பழைய கொலையில் செத்த பெண்ணின் தொடை எலும்பு அது. கண்முன்னே நின்றதை அவர்கள் கவனிக்கவில்லை! ஏன் கவனிக்கவில்லை? குற்றவாளி யார் என்று அவர்கள் முன்பே முடிவு கட்டியாயிற்று. கிறிஸ்டி “நம்ம ஆள்”. இவான்ஸ் ஒரு வேன் டிரைவர்.

இவான்ஸை லண்டனுக்குக் கொண்டுவந்து ராத்திரி ஸ்டேஷனில் வைத்துக் கேட்டார்கள். குழந்தையும் செத்துவிட்டது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டான். நான்தான் கொன்றேன் என்று வாக்குமூலம் தயாரானது. ஒத்துக்கொள்ளாவிட்டால் கீழே கூட்டிப் போய் அடிப்பார்கள் என்று பயந்தேன் என்றும், குழந்தையும் போன பிறகு எனக்கு வாழ்க்கையே இல்லை என்று தோன்றியது என்றும் அவன் பின்னால் கோர்ட்டில் சொன்னான்.

இங்கே ஒரு விஷயம். போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரன் 1872-ல் போட்ட சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு அது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதுச் சட்டத்திலும் அந்த விதி நீடிக்கிறது. இந்தியாவில் நம்பத்தகாத போலீஸ், லண்டனில் மட்டும் எப்படி நம்பத்தகுந்ததாயிற்றோ! அங்கே அந்த வாக்குமூலமே கயிறாகத் திரிந்தது. அதற்காக இங்கே எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். வேலைநிறுத்த சமயத்தில் பிடிபட்ட ஒரு தோழரை ஒரு ஸ்டேஷனுக்குப் பார்க்கப் போனேன். கட்டைவிரலில் மை காயவில்லை. “என்ன எழுதியிருந்தது?” என்று கேட்டேன். “எழுதினப்புறம் படிச்சுக் காட்டறோம்னாங்க, தோழர்” என்றார். இவான்ஸின் கதையை முதன்முதலில் கேட்டபோது எனக்கு அந்த மைதான் ஞாபகம் வந்தது.

இதைவிட முக்கியமான சேதி ஒன்று உண்டு. உழைப்பவர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். அந்த நவம்பர் மாதம் அந்த வீட்டில் ரிப்பேர் வேலை நடந்துகொண்டிருந்தது. பூச்சு வேலைக் கொத்தனாரும் அவருடைய சித்தாளும் தங்கள் சாமான்களைத் தினமும் அந்தக் கொட்டடியில்தான் வைத்து எடுத்தார்கள். பிணத்தை வைத்ததாக வாக்குமூலத்தில் எழுதியிருந்த நாளுக்குப் பிறகும் அவர்கள் அங்கே போய்வந்தார்கள். அங்கே பிணம் எதுவும் இல்லை என்றார்கள். அதாவது வாக்குமூலமே பொய்! போலீஸ் என்ன செய்தது? அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு நீண்ட நேரம் உட்கார வைத்து, “சரியாகக் கவனிக்கவில்லை” என்ற பாணியில் வேறு ஸ்டேட்மெண்ட் வாங்கியது. ஜூரிகள் முன்னால் அவர்கள் பேசவே இல்லை. இந்த விவரங்களை லுடோவிக் கென்னடி என்ற எழுத்தாளர் 1961-ல் ஒரு புத்தகமாகவே எழுதி அம்பலமாக்கினார். ஒரு கொத்தனார் தன் கரண்டியை எங்கே வைத்தார் என்பது அவருக்குத் தெரியாதாம், இன்ஸ்பெக்டருக்குத் தெரியுமாம்!

1950 ஜனவரி 11-ந் தேதி ஓல்ட் பெய்லி கோர்ட்டில் விசாரணை. மனைவி கொலையை ஒதுக்கி வைத்துக் குழந்தை கொலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சர்க்கார் தரப்பின் பிரதான சாட்சி யார்? ஜான் கிறிஸ்டி! முதல் யுத்தத்தில் விஷ வாயுவால் பாதிக்கப்பட்டவர், இரண்டாம் யுத்தத்தில் போலீஸ் சேவை செய்தவர் என்று அவனுக்கு மரியாதை. அவனுடைய பழைய தண்டனைகளை எதிர்த்தரப்பு வக்கீல் வெளியே எடுத்தார். அதெல்லாம் பழைய கதை என்று ஆகிவிட்டது. “கொன்றது கிறிஸ்டிதான்” என்று இவான்ஸ் சொன்னான். ஒரு நல்ல மனிதர்மீது பழி போடுகிறான் என்று அதுவும் அவனுக்கு எதிராகவே திரும்பியது. மூன்று நாளில் வழக்கு முடிந்தது. ஜூரிகளுக்கு நாற்பது நிமிஷம் போதுமாக இருந்தது. மார்ச் 9-ந் தேதி பென்டன்வில் சிறையில் அவனைத் தூக்கிலிட்டார்கள். வயது 25. கடைசி வரை “கிறிஸ்டிதான்” என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

பிறகு என்ன ஆயிற்று? 1952 டிசம்பரில் கிறிஸ்டி தன் மனைவி எத்தலைக் கொன்று முன் அறைப் பலகைகளுக்கு அடியில் போட்டான். அடுத்த சில மாதங்களில் மேலும் மூன்று பெண்கள். பிழைப்பில்லாதவர்கள், தங்க இடமில்லாதவர்கள். மூவரையும் சமையலறைச் சுவரின் மாடத்தில் அடைத்து மேலே காகிதம் ஒட்டினான். வீட்டைத் தனக்கு உரிமையில்லாமலே இன்னொரு தம்பதிக்கு உள்வாடகைக்கு விட்டுப் பணம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். 1953 மார்ச் 24-ந் தேதி, மாடியில் குடியிருந்த ஜமைக்காக்காரர் ஒருவர் ரேடியோ வைக்கச் சுவரில் ஆணி அடிக்க இடம் தட்டிப் பார்த்தார். சுவர் பொள்ளலாகச் சப்தித்தது. காகிதத்தைக் கிழித்தார். லண்டன் போலீஸ் இலாகா பத்து வருஷம் காணாததைக் கண்டவர், பிழைக்க வந்த ஒரு கறுப்புத் தொழிலாளி.

ஒரு வாரத்தில் கிறிஸ்டி பிடிபட்டான். ஏழு பேரைக் கொன்றதாக ஒத்துக்கொண்டான். அந்த ஏழில் ஒருத்தி இவான்ஸின் மனைவி பெரில்! குழந்தையை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பைத்தியம் என்று வாதாடியும் செல்லவில்லை. ஜூலை 15-ந் தேதி அதே பென்டன்வில் சிறையில், இவான்ஸைத் தூக்கிலிட்ட அதே பியர்பாயிண்ட் என்ற ஆள் கையால் அவனும் தூக்கிலிடப்பட்டான்.

இப்போது சர்க்காரின் யோக்கியதையைப் பாருங்கள். நிரபராதி தூக்கில் தொங்குவது நம் நாட்டில் நடக்கவே முடியாத காரியம் என்று 1948-ல் பார்லிமெண்டில் அடித்துப் பேசியவர் டேவிட் மாக்ஸ்வெல் பைஃப். 1953-ல் அவர்தான் உள்நாட்டு மந்திரி. ஒரு வக்கீலை நியமித்துக் கதவைச் சாத்திக்கொண்டு சில நாளில் விசாரணையை முடித்தார். கிறிஸ்டி தூக்கில் தொங்குவதற்குள் அறிக்கை தயார்: இவான்ஸ்தான் இரண்டு கொலையும் செய்தான், கிறிஸ்டி சொன்னது பொய்! இவான்ஸைக் கொல்வதற்கு 1950-ல் கிறிஸ்டியின் வார்த்தை வேதவாக்கு. போலீஸையும் கோர்ட்டையும் காப்பாற்ற 1953-ல் அதே ஆளின் வார்த்தை பொய். ஒரே சின்ன வீட்டில், ஒருவருக்கொருவர் தெரியாமல், கழுத்தை நெரித்துப் பெண்களைக் கொல்லும் இரண்டு கொலைகாரர்கள் மேலும் கீழுமாகக் குடியிருந்தார்கள் என்று தேசத்தையே நம்பச் சொன்னார்கள்.

சாதாரண ஜனங்கள் நம்பவில்லை. இவான்ஸின் தாயார் விடவில்லை. அவனுடைய கருணை மனுவை நிராகரித்த பழைய மந்திரி சூட்டர் ஈட், 1955-ல் பார்லிமெண்டிலேயே எழுந்து, நடந்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். அதற்கு ஒரு மனசாட்சி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போட்ட பிறகு வந்த மனசாட்சி. சில்வர்மன் என்ற லேபர் கட்சி மெம்பர் வருஷக்கணக்காகப் போராடிக் கொண்டுவந்த மசோதா 1965-ல் சட்டமாகி, கொலைக்குத் தூக்குத் தண்டனை ஐந்து வருஷத்துக்கு நிறுத்தப்பட்டது; 1969-ல் நிரந்தரமாயிற்று. இரண்டாவது விசாரணை நடத்திய நீதிபதி பிராபின் 1966-ல் ஒரு விசித்திரமான தீர்ப்புச் சொன்னார்: மனைவியை இவான்ஸ் கொன்றிருக்கலாம், குழந்தையைக் கொன்றிருக்கமாட்டான். தூக்கிலிட்டது குழந்தைக்காக அல்லவா? ஆகவே 1966 அக்டோபரில் இங்கிலாந்து ராணியின் பெயரால் அவனுக்கு “மன்னிப்பு” வழங்கினார்கள். செய்யாத குற்றத்துக்கு, செத்துப் பதினாறு வருஷம் கழித்து, மன்னிப்பு! யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

நமது நாட்டில் தூக்கு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அரிதிலும் அரிதான வழக்கில்தான் என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அரிது எது என்று யாருடைய வாயைக் கேட்டு முடிவு செய்கிறார்கள், கைரேகை வைத்தவனுடையதா, யூனிபாரம் போட்டவனுடையதா என்பதை அடுத்த தடவை டீக்கடையில் பேச்சு வரும்போது தோழர்கள் கேட்டுப் பாருங்கள். கிறிஸ்டியைத் தூக்கிலிட்டதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஆனால் அவனைத் தூக்கிலிட்ட கயிறு அவன் செய்த கொலைகளில் ஒன்றையாவது தடுத்ததா? 1949-ல் இரண்டு கொத்தனார் ஆட்களின் பேச்சுக்குக் காது கொடுத்திருந்தால் நான்கு பெண்களும் இவான்ஸும் பிழைத்திருப்பார்கள். அந்தக் காதுக்குக் கயிறு தேவையில்லை.

அந்தச் சந்தின் பெயரை 1954-ல் மாற்றினார்கள். பிற்பாடு வீடுகளையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இவான்ஸின் எலும்புகளைச் சிறைக் கொல்லையிலிருந்து 1965-ல் எடுத்து ஒரு கத்தோலிக்க இடுகாட்டில் புதைத்தார்கள். 2003-ல் சகோதரிகளுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். குற்றவாளி என்ற தீர்ப்பையே ரத்து செய்ய வேண்டும் என்று அவர்களில் ஒருவர் 2004-ல் ஹைகோர்ட்டுக்குப் போனார். மனைவியையும் குழந்தையையும் இவான்ஸ் கொல்லவில்லை என்பதை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் மறுபடி ஓர் அப்பீல் நடத்துவதற்கு ஆகும் செலவு நியாயமல்ல என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.