ஊசிக்கூட்டினுள் ஓர் ஊர்

பிரான்சு நாட்டு ரெனே தாக்ரோன் 1859-இல் நுண்படத்திற்குக் காப்புரிமை பெற்றார். குண்டூசித் தலையளவான அப்படத்தை, நெல்மணி போன்ற கண்ணாடி வில்லையின் முனையில் மரப்பிசினால் ஒட்டி, எலும்பாலான ஊசிக்கூடுகளில் பதித்தனர். வெளிச்சத்தை நோக்கிக் கண்ணருகே பிடித்தால், கடற்கரை நகரமோ மாதாகோயிலோ பெரிதாய்த் தோன்றும். ஐரோப்பியப் பயணிகள் நினைவுப் பொருளாய்க் கொண்டு சென்ற இவற்றை, இன்று சேகரிப்போர் ‘ஸ்டான்ஹோப்’ என்று தேடி வாங்குகின்றனர். வாங்கியதும் கழுவிவிடலாகாது. வெப்பமும் சாராயமும் பிசினைக் கெடுக்கும். உலர்ந்த மென்துணியே போதும். படம் அழிந்தால் எஞ்சுவது வெறும் எலும்புக்குழல். அன்றாடம் எடுக்கும் ஊசியோடு ஓர் ஊரையும் சேர்த்து வைத்த அருமையை, பிறந்த ஊரைப் பிரிந்து வாழும் நாம் நன்கறிவோம் அன்றோ!