பேயல்ல, பிணி!

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். அங்கேயாகட்டும், வேறெந்த ஊரிலாகட்டும், உழைக்கும் தோழனுக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவரைத் தேடுகிறோம். கால் முறிந்தால் கட்டுப் போடுகிறோம். அவன் காதில் இல்லாத குரல் கேட்டால்? வலையை வீசியெறிந்து, உறக்கமின்றி, ஊரே தன்னைக் கொல்லச் சதி செய்கிறதென்று அலறினால்? பேய் என்கிறோம்! செய்வினை என்கிறோம்! உடுக்கைக்காரனுக்கு ஆள் அனுப்புகிறோம்! குடல் நோகலாம், ஈரல் நோகலாம். மூளை மட்டும் நோவதற்கு உரிமையற்ற உறுப்போ?

1952-இல் பாரிசில், குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளருக்குக் கொடுத்தார்கள். மந்திரம் அடக்காத குரலை மருந்து அடக்கிற்று! மூளையில் டோப்பமின் என்னும் வேதிப்பொருளின் வேலையை அது தடுக்கிறது என்று பின்னர் கண்டார்கள். 2022-இல் வெளியான உலக ஆய்வு, மனச்சிதைவு நோயுற்ற 76,755 பேரின் மரபணுக்களை நோயற்றோருடையவற்றோடு ஒப்பிட்டு, நோயோடு தொடர்புடைய 287 இடங்களைக் காட்டிற்று. நம் சென்னையிலேயே, டாக்டர் சாரதா மேனன் முன்னின்று 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் இந்நோயை ஆராய்ந்து வருகிறது.

அப்படியானால் இது குடும்பத்தின் சாபமோ? அல்ல! ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வந்தே தீருமென்பதில்லை. வாழ்வில் நேரும் இன்னல்களுக்கும் பங்குண்டு. இரத்தத்தைச் சோதித்து இந்நோயென்று உறுதி கூறும் வழி இன்னும் பிறக்கவில்லை. ஆராய்ச்சி முடியவில்லை என்பதால் மந்திரவாதி வென்றான் என்று பொருளல்ல!

ஏர்வாடியை மறந்தோமா? 2001 ஆகஸ்டு 6. கொட்டகையில் தீ. ஓட முடியவில்லை, காலில் சங்கிலி! 28 பேர் மாண்டனர். பேய் எரியவில்லை, தோழர்களே. பெற்ற பிள்ளைகள் எரிந்தனர்! தொழுகையைக் குறை கூறவில்லை நாம், பூட்டைக் கூறுகிறோம்.

2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடுத்துவிட்டது. சரி, சங்கிலி போன இடத்துக்கு மாத்திரை வரவேண்டாமா? விடாமல் உட்கொள்ள வேண்டிய மருந்து இது. ஒரு நாள் பிழைப்பை இழந்து பஸ் ஏறினால்தான் கிடைக்குமென்றால், எத்தனை மாதம் ஏறுவான் ஏழை? ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது தடையின்றிக் கிடைத்தாக வேண்டும். இது நம் கோரிக்கை.

நமக்கும் ஒரு வேலை உண்டு. உடுக்கைக்காரன் அந்த வீட்டு வாசலை மிதிக்குமுன் நம் கிளைத் தோழர் மிதிக்கட்டும். பிணியாளரைக் கைப்பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். கடலோடிக்கு வழி காட்டும் விளக்கின் காலடியிலே இருள் இருக்கலாகாது!