வழக்குகளின் மறுபாதியை எழுத வாருங்கள்

எம்.கே. தியாகராஜ பாகவதர் சிறைக்குப் போன கதை தமிழ்நாட்டில் மூன்று தலைமுறைக்குத் தெரியும். 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்திக்குத்துப்பட்ட பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் ஆயுள் தண்டனை பெற்றார்கள்; 1947இல் விடுதலையானார்கள். 1944 தீபாவளிக்கு வெளியான பாகவதரின் ‘ஹரிதாஸ்’ படம் எத்தனை நாள் ஓடியது என்பதுவரை பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால், லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் எதற்காக இந்த வழக்கில் தலையிட்டது என்று கேட்டால் பதில் கிடைப்பது அரிது. ஜூரிகள் குற்றவாளி என்று சொல்லிவிட்ட பிறகு, அப்பீலைக் கேட்கும் நீதிபதிகள் சாட்சியங்களை எந்த அளவுக்குத் தாங்களே எடைபோடலாம் என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. பிரிவி கவுன்சில் வழக்கை மறுபடி கேட்கும்படி சென்னைக்கே திருப்பி அனுப்பியது. அதன் பிறகுதான் விடுதலை வந்தது.

இப்படிப் பாதியில் நிற்கும் வழக்குகளின் மறுபாதியைத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிச் சேர்க்க ஒரு தன்னார்வலர் குழு முன்வந்திருக்கிறது. சட்டக் கல்லூரி மாணவர்கள், வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்கள், அனுபவமுள்ள விக்கிப்பீடியர்கள் என்று பலரும் கலந்த குழு அது. சட்ட வரலாற்றுக் கட்டுரைகளுக்கென்றே ஒரு தொடர்தொகுப்பு நிகழ்வை நடத்துகிறார்கள். பலர் ஒன்றுகூடி, ஒரே பொருளைப் பற்றிய கட்டுரைகளைத் திருத்தி, விரித்து, மேற்கோள் சேர்க்கும் வேலை அது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. எழுதியவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு எழுதவில்லை. ஆனால் சட்டம் என்று வந்ததும் பலருடைய கை தயங்குகிறது. அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் குழு சக குடிமக்களை அழைக்கிறது.

சுயமரியாதைத் திருமணத்தை எடுத்துக்கொள்வோம். ஐயர் இல்லை, ஓமம் இல்லை, மாலை மாற்றிக்கொண்டு பெரியவர்கள் முன் உறுதி சொன்னால் போதும் என்ற அந்தத் திருமணங்கள் 1920களின் இறுதியிலிருந்து ஆயிரக்கணக்கில் நடந்தன. சட்டத்தின் பார்வையில் அவை என்னவாக இருந்தன? தெய்வானை ஆச்சிக்கும் சிதம்பரம் செட்டியாருக்கும் நடந்த வழக்கில் 1953இல் சென்னை உயர்நீதிமன்றம், அப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்றது. சாஸ்திரம் சொன்ன சடங்கும் நடக்கவில்லை, அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம் என்றும் காட்ட முடியவில்லை என்பது காரணம். தீர்ப்பு பாதித்தது ஒரு தம்பதியை மட்டும் அல்ல. அந்த முறையில் மணந்துகொண்ட ஒவ்வொரு பெண்ணின் மனைவி என்ற நிலையும், அவள் பெற்ற பிள்ளைகளின் சொத்துரிமையும் அன்றைக்கு ஆட்டம் கண்டன.

அண்ணா முதலமைச்சரானதும் 1967இல் சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. உறவினர்களோ நண்பர்களோ வேறு யாரேனுமோ இருக்க, இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லலாம்; அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம்; அல்லது தாலி கட்டலாம். மூன்றில் ஒன்று போதும். ஏற்கெனவே நடந்து முடிந்திருந்த திருமணங்களையும் அந்தப் பிரிவு செல்லுபடியாக்கியதுதான் அதன் உயிர்நாடி. பல்லாயிரம் குடும்பங்கள் ஒரே நாளில் சட்டத்தின் நிழலுக்குள் வந்தன. 2001இல் நாகலிங்கம் வழக்கில் உச்சநீதிமன்றம், இந்தப் பிரிவின்படி நடக்கும் திருமணத்துக்கு ஏழடி எடுத்துவைப்பது கட்டாயமில்லை என்றது. 2023 ஆகஸ்டில், இளவரசன் வழக்கில், ஊரறியச் செய்தால்தான் திருமணம் செல்லும் என்று உயர்நீதிமன்றம் முன்பு கொண்டிருந்த கருத்தையும் உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்தது. சாதி மறுத்து, வீட்டுக்குத் தெரியாமல் மணம் செய்துகொள்ளும் இளைஞர்களுக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய பாதுகாப்பு! 1953இல் தொடங்கி 2023 வரை நீளும் இந்த எழுபது ஆண்டுக் கதையை ஒரே இடத்தில், எளிய தமிழில், ஆதாரத்தோடு படிக்கும் உரிமை மணமேடைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

வ.உ. சிதம்பரனார் வழக்கும் அப்படித்தான். 1908 ஜூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே விதித்த நாற்பது ஆண்டுத் தண்டனையைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அதில் இருபது ராஜத்துரோகத்துக்கு, இருபது சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு என்பதையும், உயர்நீதிமன்றம் எந்தக் காரணங்களைச் சொல்லி அதை ஆறு ஆண்டாகக் குறைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவரைத் தண்டித்த, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவை, நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, 2022 மேயில் உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்ததுவரை அந்தக் கட்டுரை போக வேண்டும். அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பிறந்ததற்கு சென்னை அரசின் உத்தரவுகளை எதிர்த்த இரண்டு வழக்குகள் முக்கியக் காரணம். 1950இல் ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழுக்கு விதித்த தடைக்கு எதிராக ரொமேஷ் தாப்பர் தொடுத்தது ஒன்று. வகுப்புவாரி அரசாணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் தொடுத்தது மற்றொன்று. பேச்சுரிமையின் எல்லையும் இடஒதுக்கீட்டின் அடித்தளமும் 1951இல் எழுதப்பட்டது நம்முடைய தகராறுகளைத் தீர்க்கத்தான்.

தமிழில் இந்த வேலையைத் தொடங்கிவைத்தவர் ஒருவர் இருக்கிறார். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவராகவே பலருக்கும் அறிமுகமான மாயூரம் வேதநாயகம் பிள்ளை, தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்தவர். ஆங்கிலத்தில் கிடந்த, அன்றைய மேல் நீதிமன்றமான சதர் அதாலத்தின் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழாக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் 1862இல் வெளியிட்டார். சென்னை உயர்நீதிமன்றம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். வழக்காடுகிறவனுக்குத் தன் வழக்கின் சட்டம் புரிய வேண்டும் என்று ஒரு முன்சீப் அன்றைக்கே நினைத்திருக்கிறார்.

குழுவுக்கு வேண்டியவர்கள் வக்கீல்கள் மட்டும் அல்ல. முப்பது ஆண்டு கேஸ் கட்டுகளைச் சுமந்த வக்கீல் குமாஸ்தா, பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர், பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த சிரஸ்தார், வரலாற்று ஆசிரியர், நல்ல தமிழில் பிழை திருத்தக்கூடிய எவரும் வரலாம். நினைவில் உள்ளதை அப்படியே கட்டுரையில் ஏற்ற முடியாது. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு செய்திக்கும் வெளியான, நம்பகமான ஆதாரம் வேண்டும். ஆனால் எந்த ஆண்டு, எந்தக் கோர்ட், யார் நீதிபதி என்று அவர்கள் சொல்லும் குறிப்பு, மாணவர் ஒருவர் 1876 முதல் வரும் ‘இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்’ சென்னைத் தொகுதிகளிலோ 1891இல் தொடங்கிய ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ இதழிலோ நாள்கணக்கில் தேடுவதை மிச்சப்படுத்தும். கன்னிமாரா நூலகமும் எழும்பூர் ஆவணக் காப்பகமும் அருகில் இருப்பவர்கள் ஒரு பக்கத்தைப் பார்த்துச் சரிசொன்னாலும் பெரிய உதவி. யாழ்ப்பாணத்து வாசகர்களையும் குழு எதிர்பார்க்கிறது. டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்கள் சரிபார்த்த தேசவழமைச் சட்டம் இன்றும் அங்கே சொத்து விஷயங்களில் உயிரோடு இருக்கிறது. வெளியாருக்கு விற்கும் முன் பங்குதாரருக்கு வாங்க வாய்ப்பளிக்கும் அதன் முன்வாங்கும் உரிமையைக் காணி விற்று வாங்கியவர்களைவிட நன்றாக யார் விளக்க முடியும்?

சில எச்சரிக்கைகளும் உண்டு. நீதிமன்றத் தீர்ப்பின் மூல வாசகத்தைப் பயன்படுத்த 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தடை சொல்வதில்லை. ஆனால் சட்ட இதழ்கள் தீர்ப்புக்கு மேலே தாங்களே எழுதிச் சேர்க்கும் சுருக்கக் குறிப்பு அந்த இதழுக்குச் சொந்தம். 2007இல் மோடக் வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மாணவர்கள் முதலில் கைவைப்பது அந்தச் சுருக்கத்தில்தான் என்பதால் குழு இதை அழுத்திச் சொல்கிறது. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை எங்கேயும் எழுதக் கூடாது, அது குற்றம்.

இன்னொன்று, மேல் கோர்ட்டு என்ன சொன்னது என்று பார்க்காமல் எந்தக் கட்டுரையையும் முடிக்கக் கூடாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் தண்டித்தவர்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. இதில் ஒன்றை மட்டும் எழுதினால் படிப்பவர் ஏமாந்துபோவார். வாச்சாத்தியில் 1992 ஜூனில் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து நடத்திய கொடுமைக்கு 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட, மிஞ்சிய 215 பேரையும் 2011 செப்டம்பரில் தருமபுரி கோர்ட் தண்டித்தது. அதை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது 2023 செப்டம்பரில். மலைவாழ் மக்கள் 31 ஆண்டு காத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு படியிலும் என்ன நடந்தது என்பதைத் தேதியோடு எழுதிவைப்பது அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

வருகிறவர்கள் முன்கூட்டியே விக்கிப்பீடியாவில் ஒரு பயனர் கணக்கைத் திறந்துகொள்வது நல்லது. எழுதிப் பழக மணல்தொட்டி இருக்கிறது; அங்கே என்ன தப்பு நேர்ந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. மடிக்கணினி இல்லாதவர்கள் கைபேசியோடு வரலாம், அதுவும் இல்லாதவர்கள் தாளில் எழுதிக் கொண்டுவந்தால் தட்டச்சு செய்ய ஆள் உண்டு. வெளியூரில் இருப்பவர்கள் வீட்டிலிருந்தபடியே ஒரு கட்டுரையை ஏற்றுக்கொள்ளலாம். பரணில் பழைய சட்ட இதழ்களோ தீர்ப்பு நகல்களோ வைத்திருப்பவர்கள் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் ஒரு முறை குழுவிடம் காட்டும்படி கேட்டுக்கொள்கிறார்கள்.