பெரும்பாக்கத்தின் தொலைவு எந்தக் கார்பன் கணக்கில் வரும்?

2022 மே 26 அன்று, சென்னை பெரும்பாக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட 1,152 வீடுகளைப் பிரதமர் திறந்து வைத்தார். 116 கோடி ரூபாய் செலவில் எழுந்த இவை, ஒன்றிய அரசின் ‘லைட் ஹவுஸ்’ திட்டத்தைச் சேர்ந்தவை. இந்தூர், ராஜ்கோட், ராஞ்சி, அகர்தலா, லக்னோ, சென்னை ஆகிய ஆறு நகரங்களில் புதிய கட்டுமானத் தொழில்நுட்பங்களைச் செய்து காட்டுவதே அத்திட்டத்தின் நோக்கம். சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது முன்வார்ப்புக் கான்கிரீட் முறை. சுவர்களும் தளங்களும் முன்கூட்டியே வார்க்கப்பட்டு, கிரேன் மூலம் ஒன்றோடொன்று பொருத்தப்படுகின்றன. வேலை விரைவாக முடிகிறது. பொருள் வீணாவதும் குறைகிறது.

இத்தகைய ஆய்வுகளை நாம் எதிர்க்கவில்லை. உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியிலிருந்தே வருகிறது. வெப்ப அலையாலும் பெருவெள்ளத்தாலும் முதலில் தாக்கப்படுவோர் ஆற்றங்கரைகளிலும் தாழ்நிலங்களிலும் தகரக் கூரைகளின் கீழும் வாழத் தள்ளப்பட்ட நம் மக்களே. ஆகவே, கார்பனைக் குறைக்கும் கட்டுமானம் நமக்கு அயலான கோரிக்கை அன்று. அந்தக் கணக்கில் எவை சேர்க்கப்படுகின்றன, எவை விடப்படுகின்றன என்பதே நமது கேள்வி.

முதலில் அறிவியலைப் பார்ப்போம். சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுட்டு ‘கிளிங்கர்’ தயாரிக்கப்படுகிறது. இதில் எரிபொருளின் புகையைக் காட்டிலும், கல்லே சிதைந்து வெளிவிடும் வாயுதான் மிகுதி. எனவே சூளையை மின்சாரத்துக்கு மாற்றினாலும் சிக்கல் முழுமையாகத் தீராது; கிளிங்கரின் அளவையே குறைத்தாக வேண்டும். சுவிட்சர்லாந்து, கியூபா நாடுகளின் ஆய்வாளர்களும், டெல்லி, சென்னை ஐஐடி ஆய்வாளர்களும் இணைந்து உருவாக்கிய ‘எல்சி3’ சிமெண்ட் அதைத்தான் செய்கிறது. கிளிங்கரில் பாதியை நீக்கிவிட்டு, சுமார் 800 டிகிரியில் சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக் கல்லையும் சேர்க்கிறார்கள். உமிழ்வு 30 முதல் 40 விழுக்காடு வரை குறைகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023இல் இதற்குத் தனித் தரநிலையையே வகுத்துவிட்டது. இது மெய்யான சாதனை.

ஒரு கட்டடத்தின் கார்பனைக் கணக்கிடும் பொறியாளர், முதலில் கணக்கின் எல்லையை வரையறுக்கிறார். கல் வெட்டுவது, சிமெண்ட் தயாரிப்பது, அதை லாரியில் கொண்டு வருவது, கட்டுவது, பராமரிப்பது, இறுதியில் இடிப்பது என ஒவ்வொரு கட்டமும் அதற்குள் வரும். ஆலையிலிருந்து கட்டுமான இடம் வரை சிமெண்ட் மூட்டை பயணிக்கும் தொலைவுக்கும் கணக்கு உண்டு. அந்த வீட்டில் குடியேறும் பெண் நாள்தோறும் வேலைக்குப் பயணிக்கும் தொலைவுக்கு, பொதுவாக, கணக்கு இல்லை.

பெரும்பாக்கத்தில் இந்த விடுபடல் சிறியதன்று. லைட் ஹவுஸ் வீடுகளுக்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கு எட்டு மாடி அடுக்குகளில் 20,000க்கும் மேற்பட்ட மறுகுடியமர்வு வீடுகள் கட்டப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பின்னர், அடையாறு, கூவம் கரைகளிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே கொண்டு சேர்க்கப்பட்டன. அவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரியிலும் நடந்தது பெரும்பாக்கத்திலும் தொடர்ந்தது. வெள்ள அபாயத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி மக்களைக் குடியேற்றிய இடம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அருகிலுள்ள தாழ்நிலம் என்பதையும் நாம் மறக்கவில்லை.

ஓர் எளிய கணக்கைப் போடுவோம். வீட்டு வேலைக்காக நகரின் உட்பகுதிக்குச் செல்லும் ஒரு பெண்ணின் பயணம், ஒரு வழிக்கு 25 கிலோமீட்டர் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர். ஆண்டுக்கு 300 வேலை நாட்கள் என்றால் 15,000 கிலோமீட்டர். கட்டடத்தின் ஆயுள் 60 ஆண்டுகள் எனில், அந்த ஒரு வீட்டிலிருந்து ஒரே ஒருவர் வேலைக்குச் சென்று திரும்பும் தொலைவு மட்டும் 9 லட்சம் கிலோமீட்டர். பேருந்தில் செல்பவரின் கார்பன் சிறிதுதான் என்று வாதிடலாம், அது சரியும்கூட. ஆனால் பேருந்தில் கழியும் மணிநேரமும், அதனால் கைநழுவும் கூலியும், பாதியில் நிற்கும் பிள்ளைகளின் படிப்பும் எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. இருந்த இடத்திலேயே வீடு கட்டித் தந்திருந்தால் இவற்றுக்குத் தேவையே இருந்திராது. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், குடிசைப் பகுதிகளை அதே இடத்தில் மேம்படுத்துவதற்குத் தனிப் பிரிவே வகுக்கப்பட்டிருந்தது. தொழில்நுட்பமும் இருந்தது, திட்டப் பிரிவும் இருந்தது. நகரின் நடுவில் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கும் மனம் மட்டும் இல்லை. ஊரையும் சேரியையும் பிரித்த அதே கோடு, இன்று மாநகரத்தின் வரைபடத்தில் நீண்டு கிடக்கிறது.

இருந்த இடத்திலேயே கட்டினால் மட்டும் போதுமா? புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பு அதற்கும் ஒரு பாடம். 2021 ஆகஸ்டில், தொட்டாலே உதிர்ந்த அதன் பூச்சு மாநிலம் முழுவதும் பேசுபொருளானது. நீடித்து நிற்பதே கார்பன் குறைப்பின் முதல் விதி. 60 ஆண்டுகள் நிற்க வேண்டிய கட்டடத்தை 30 ஆண்டுகளில் இடித்துக் கட்டினால், எந்தப் பசுமைச் சிமெண்டும் அந்த இழப்பை ஈடு செய்யாது. ஏழைகளின் வீடுதானே என்று தரத்தில் கைவைப்பது நம் மாண்பின் மீதான தாக்குதல். அறிவியலின் அளவுகோலிலும் அது குற்றமே.

அடுத்து, உழைப்பு. 2021இல் சென்னை ஐஐடி வளாகத்தில் 600 சதுர அடியில் முப்பரிமாண அச்சு முறையில் வீடு ஒன்று கட்டிக் காட்டப்பட்டது. இயந்திரம் சுவரை அடுக்கடுக்காக வார்க்கிறது. கொத்தனாரும் சித்தாளும் அங்கே பெருமளவு தேவைப்படுவதில்லை. சித்தாள் வேலையில் தலைச்சுமை சுமப்போர் பெரும்பாலும் பெண்கள்; அவர்களில் தலித் பெண்கள் மிகுதி. அந்தச் சுமை ஒழிவதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் சுமையோடு சேர்த்துக் கூலியும் ஒழிந்தால், அது விடுதலை ஆகாது. செங்கல் சூளைகளுக்கும் இது பொருந்தும். ஒடிசாவிலிருந்து முன்பணம் பெற்று வந்து, திருவள்ளூர் சூளைகளில் குடும்பத்தோடு உழலும் தலித், பழங்குடித் தொழிலாளர்களைக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே விடுவித்துவிட்டதாகக் காகிதம் சொல்கிறது. செங்கல்லுக்கு மாற்றான பொருள்கள் பெருகி, சூளைகள் மூடப்படும்போது, அவர்களுக்கான மறுவாழ்வு எந்த ஆய்வுத் திட்டத்தின் நிதியில் இருக்கிறது?

நிலக்கரிச் சாம்பலைச் சிமெண்டில் கலப்பதும் இவ்வாறே ‘கழிவைப் பயன்படுத்துதல்’ எனப் புகழப்படுகிறது. கலப்பது நல்லதுதான். ஆனால் ஆலைக்குப் போகாத சாம்பல் எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்து மீனவர்களின் வாழ்வை அழித்திருக்கிறது. சிமெண்டுக்குள் சென்ற சாம்பலுக்கு நற்சான்று உண்டு. ஆற்றில் படிந்த சாம்பல் வேறொருவரின் கணக்கு என்று ஒதுக்கப்படுகிறது.

இந்த எல்லைகளை வரைபவர்கள் யார் என்பது தற்செயலான கேள்வி அன்று. ஐஐடி ஆசிரியர் பணியிடங்களில் பட்டியல் சாதியினருக்குரிய 15 விழுக்காடும், பழங்குடியினருக்குரிய 7.5 விழுக்காடும் நிரப்பப்படவில்லை என்பதை நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட விவரங்களே திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. ஆசிரியர் பணி இடஒதுக்கீட்டுக்கென 2019இல் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் இந்நிலை மாறவில்லை. சூளையையும் மறுகுடியமர்வையும் அறிந்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் இல்லாதபோது, அவை ஆய்வின் கேள்விகளாகவும் ஆவதில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தார். பொதுப்பணியும் அன்று அத்துறையின் பொறுப்பிலேயே இருந்தது. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளம் இட்டவர்களில் அவரும் ஒருவர். கட்டுமானமும் உழைப்பாளரும் ஒரே மேசையில் இருந்த காலம் அது. அந்த மேசையை நாம் திரும்பக் கோருகிறோம்.

பொது நிதியில் எழும் ஒவ்வொரு ‘பசுமை’க் குடியிருப்புக்கும், மக்கள் முன்பு வாழ்ந்த இடத்திலிருந்து உள்ள தொலைவும் பயணச் செலவும் கணக்கிடப்பட்டு வெளியிடப்பட வேண்டும். மக்களின் ஒப்புதலின்றி இடமாற்றம் கூடாது. கட்டுமானச் செலவில் 1 முதல் 2 விழுக்காடு வரை வசூலிக்க 1996ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்த நலத் தீர்வையிலிருந்து, சித்தாள்களுக்கு முன்வார்ப்பு, அச்சு இயந்திரப் பயிற்சியும், பயிற்சிக் காலக் கூலியும் வழங்கப்பட வேண்டும். ஆய்வு நிறுவனங்களின் இடஒதுக்கீட்டுப் பணியிடங்கள் தாமதமின்றி நிரப்பப்பட வேண்டும்.

கட்டடப் பொறியியல் பயிலும் மாணவர்கள் இதை இன்றே தொடங்கலாம். உங்கள் இறுதியாண்டுத் திட்டத்தில் ஒரு கட்டடத்தின் கார்பனைக் கணக்கிடும்போது, அதில் வாழ்வோரின் பயணத்துக்கும் அதைக் கட்டியோரின் கூலிக்கும் தனித்தனியே ஒரு வரிசை சேருங்கள். ‘இது பாடத்திட்டத்தில் இல்லை’ என்று சொல்லப்படுமானால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.