மெஷின் ஓடினால் மட்டும் போதுமா?



குறட்டை என்றாலே நம் எல்லோருக்கும் சிரிப்புதான். ஹாஸ்டலில் ஒருத்தன் குறட்டை விட்டால் அதை மொபைலில் பதிவு பண்ணி, காலையில் மெஸ்ஸில் போட்டுக் காட்டுகிறோம். "நல்லா தூங்குறான்யா" என்று பேசிக் கொள்கிறோம். ஆனால் ஓங்கிக் குறட்டை விட்டு, திடீரென்று சத்தமே இல்லாமல் போய், பிறகு திணறிக் கொண்டு மூச்சு வாங்குகிறவர் நல்லா தூங்கவில்லை. அவருடைய மூச்சுக் குழல் அடைபடுகிறது!

இந்த நோய்க்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கு பின்னால் சரிந்து காற்று போகும் வழியை மூடுகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்ததும் மூளை அலறிப் புடைத்து எழுப்பி விடுகிறது. ஒரு மூச்சு, மறுபடி அடைப்பு. குறைந்தது 10 விநாடி நீடிக்கும் அடைப்பையும் மூச்சுக் குறைவையும் எண்ணுகிறார்கள். மணிக்கு 30 முறை அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான நோய். கணக்குப் போட்டுப் பாருங்கள்... 7 மணி நேரத் தூக்கத்தில் 210 முறை! ரத்தக் கொதிப்பு, இதய நோய், பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் சொருகுவது எல்லாம் இதன் பின்னாலேயே வருகின்றன.

இதற்கு மருந்தைவிட மெஷின்தான் அதிகம் உதவியிருக்கிறது. அதனால்தான் டிப்ளமோ படிக்கும் நமக்கு இது சம்பந்தப்பட்ட விஷயம் என்கிறேன்.

ஒரு காலத்தில் நோய் முற்றியவர்களுக்குக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். 1981-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் டாக்டர் காலின் சல்லிவன் குழுவினர் வேறு வழி காட்டினார்கள். ஒரு ப்ளோயர், ஒரு குழாய், மூக்கில் மாட்ட ஒரு மாஸ்க். அவ்வளவுதான்! காற்றின் அழுத்தமே தொண்டையைத் திறந்து வைத்தது. அதுதான் சிபாப் மெஷின். இன்றைக்கும் டாக்டர்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

மெஷினில் குறையில்லை. ஆனால் ஆள் மாட்ட மாட்டேன் என்கிறார்! மாஸ்க் அழுத்துகிறது, மூக்கு காய்கிறது, மூச்சு முட்டுவது போல் இருக்கிறது என்று நடு ராத்திரியில் கழற்றி வைத்து விடுகிறார்கள். அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டில் ஒரு விதியே உண்டு. ஒரு மாத காலத்தில் 70 சதவீத இரவுகளில், இரவுக்கு 4 மணி நேரமாவது மாட்டியிருக்க வேண்டும். அதற்கு மெஷினுக்குள்ளேயே கணக்குப் பதிவாகிறது. மருந்து கொடுத்து, விழுங்கினானா என்று வாயைத் திறந்து பார்ப்பது போலத்தான் இதுவும்.

இந்தத் தோல்வியிலிருந்து பிறந்ததுதான் உடம்புக்குள் வைக்கும் கருவி. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த இன்ஸ்பையர் கம்பெனியின் கருவியை 2014 ஏப்ரலில் அந்நாட்டு எஃப்.டி.ஏ. அனுமதித்தது. பேஸ்மேக்கர் மாதிரி ஒரு பல்ஸ் ஜெனரேட்டர், வலது மார்பில் தோலுக்கு அடியில். மூச்சு விடுவதை அறிய ஒரு சென்சார். நாக்கை அசைக்கும் ஹைப்போகிளாசல் நரம்பில் ஒரு எலெக்ட்ரோடு. மூச்சை உள்ளே இழுக்கும் நேரம் பார்த்து பல்ஸ் போகிறது. நாக்கு முன்னால் நகர்ந்து வழி விடுகிறது. படுக்கும்போது ரிமோட்டில் ஆன் பண்ண வேண்டும், எழுந்ததும் ஆஃப். நாம் லேபில் 555 ஐ.சி.யை வைத்து உண்டாக்குகிறோமே, அதே பல்ஸ்தான் நண்பர்களே! அது ஒரு மனிதனுடைய நாக்கைத் தூக்கி நிறுத்துகிறது என்றால் மெய் சிலிர்க்கவில்லையா?

ஆனால் மெய் சிலிர்த்தால் மட்டும் போதாது, ரீடிங்கைப் பார்க்க வேண்டும். 2014 ஜனவரியில் வெளியான ஸ்டார் ஆய்வில் 126 பேருக்கு இந்தக் கருவியை வைத்தார்கள். எல்லோரும் சிபாப் ஒத்து வராதவர்கள். ஓராண்டில் அடைப்பு எண்ணிக்கை மீடியன் கணக்கில் மணிக்கு 29.3-லிருந்து 9.0 ஆனது. அடுத்து ஒரு நல்ல சோதனை செய்தார்கள். பலன் கிடைத்தவர்களில் 46 பேரை இரண்டாகப் பிரித்து, 23 பேருக்கு ஒரு வாரம் கருவியை ஆஃப் பண்ணி விட்டார்கள். அவர்களுடைய சராசரி 7.6-லிருந்து 25.8-க்கு ஏறி விட்டது! மற்ற 23 பேருக்குப் பெரிய மாற்றமில்லை. ஆக, பலன் கருவியால்தான் வந்தது. இதைவிடத் தெளிவாக நிரூபிக்க முடியுமா?

"அப்போ எல்லாருக்கும் இதையே வச்சிடலாமே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

அதே ஆய்வில் நிர்ணயித்த அளவுக்குப் பலன் கிடைத்தது மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குத்தான். உடல் பருமன் அதிகம் இருந்தவர்களையும், தொண்டை நாலா பக்கமும் சுருங்குகிறவர்களையும் ஆய்வில் சேர்க்கவே இல்லை. கருவி வைக்க ஆபரேஷன் வேண்டும். பேட்டரி ஏறக்குறைய 11 ஆண்டுதான், பிறகு மறுபடியும் கத்தி. அமெரிக்காவில் செலவு பல பத்தாயிரம் டாலர். தயாரிப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. 2024 ஆகஸ்டில் அனுமதி பெற்ற ஐந்தாம் மாடலில் சென்சாரை ஜெனரேட்டருக்குள்ளேயே வைத்து ஒரு வயரைக் குறைத்து விட்டார்கள். பெல்ஜியத்தின் நிக்சோவா கம்பெனி, உடம்புக்குள் பேட்டரியே இல்லாத கருவி செய்து 2025 ஆகஸ்டில் அமெரிக்க அனுமதி பெற்றது. தாடைக்கு அடியில் ஒட்டும் பட்டையிலிருந்து அதற்குச் சக்தி போகிறது. எல்லாம் பாராட்ட வேண்டிய வேலைகள். இருந்தாலும் இவையெல்லாம் இரண்டாவது படி. முதல் படியை ஒழுங்காக ஏறினோமா என்பதுதான் என் கேள்வி.

எங்க அப்பா வேன் ஓட்டுகிறவர். போன வருஷம் டெஸ்ட் எடுத்து இந்த நோய்தான் என்றார்கள். கடன் வாங்கி மெஷின் வாங்கினோம். எங்க வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான் என்பதால் அதோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் என் கைக்கு வந்தது. பட்டன் ஒவ்வொன்றும் எதற்கு என்று இருந்தது. மூக்கு காய்ந்தால் என்ன செய்வது என்று அப்பாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு வரி இல்லை. பதினோரு நாள் போட்டார். "வாய்க்கூடை போட்ட மாடு மாதிரி இருக்குடா" என்று பரணில் ஏற்றி விட்டார். மூன்று மாதம் கழித்து சர்வீஸுக்கு ஒரு டெக்னீஷியன் வந்தார். நம்மைப் போல டிப்ளமோ படித்தவர். வந்ததும் மெஷினைத் தொடவில்லை. "அண்ணே, எங்க உறுத்துது, சொல்லுங்க" என்றுதான் முதலில் கேட்டார். ஒரு சைஸ் சின்ன மாஸ்க் மாற்றினார். ஈரப்பதம் கொடுக்கும் தண்ணீர்ப் பெட்டியை மாட்டினார். அரை மணி நேரம்தான். இப்போது வாரத்தில் ஐந்து நாள் அப்பா போட்டுக் கொண்டு தூங்குகிறார்.

எல்லோருக்கும் இப்படிச் சரியாகி விடும் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு முயன்றாலும் மாஸ்க் ஒத்து வராதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உள்ளே வைக்கும் கருவி ஒரு வரப்பிரசாதம். அது இன்னும் மலிவாக வேண்டும், இன்னும் பலருக்குக் கிடைக்க வேண்டும். ஆனால் மாஸ்க்குக்கும் கத்திக்கும் நடுவே அந்த அரை மணி நேரம் கட்டாயம் இருக்க வேண்டும். அது யாருடைய வேலை? டாக்டருக்கு நேரமில்லை. விற்றவருக்கு அடுத்த வீடு இருக்கிறது. மிச்சம் இருப்பது நாம்தான் நண்பர்களே!

டிப்ளமோ என்றால் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற படிப்பு என்று நினைக்கிறவர்கள் உண்டு. பிடிப்போம், தவறில்லை. ஆனால் மெஷினின் மூடியைக் கழற்றும் முன் அதைப் போட்டுக் கொள்கிறவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் நம் தொழிலில் பாதி. சிபாப் நமக்குச் சொல்லித் தரும் பாடம் இதுதான்: டெஸ்ட் பெஞ்சில் பாஸான மெஷின், படுக்கையில் ஃபெயில் ஆகலாம்.

ஆகவே அடுத்த முறை ப்ராஜெக்ட் செய்யும்போது "அவுட்புட் வருதா?" என்பதோடு நிறுத்த வேண்டாம். "நூறாவது நாளும் இதை ஒருத்தர் எடுத்துப் பயன்படுத்துவாரா?" என்று கேட்போம். நம் நோட்டில் அந்த இரண்டாவது கேள்விக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோம்.

- இரண்டாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புப் பிரிவு